இத்தாலியக் கௌபாய்ப் படங்களில் பழியும் அவலமும் – ஒரு நோக்கு

முன்னுரை

கௌபாய்ப் படம் என்றதும் குதிரையும் துப்பாக்கியும் இறுதியில் வெல்லும் நாயகனுமே நம் நினைவில் எழுவர். 1960களில் இத்தாலிய இயக்குநர்கள் அமெரிக்க மேற்குப் பகுதியைக் கதைக்களமாகக் கொண்டு உருவாக்கிய படங்கள் சிலவோ, பழி தீர்த்தவன் பெற்றது யாது என்னும் வினாவை எழுப்புகின்றன. அவற்றுள் மூன்றனை ஈண்டு நோக்குவோம்.

பழி தீர்ந்த பின்

செர்ஜியோ லியோனி இயக்கிய 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்' (1965) படத்தில், கர்னல் மார்ட்டிமர் தம் உடன்பிறந்தாளின் சாவுக்குக் காரணமானவனைக் கொல்கிறார். பரிசுப்பணத்தில் ஒரு காசும் கொள்ளாது தனியே செல்கிறார். லியோனியின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) இதனினும் ஆழமானது. தமையனைத் தன் தோள்மீது நிற்கவைத்துத் தூக்கிலிட்ட ஃபிராங்கைச் சிறுவன் வளர்ந்தபின் வீழ்த்துகிறான். அன்று தன் வாயில் திணிக்கப்பெற்ற ஹார்மோனிகாவைச் சாகின்றவன் வாயில் வைக்கிறான். பின்னர் அவன் அங்குத் தங்கவில்லை. புகைவண்டிப் பாதை வருகிறது, ஊர் உருவாகிறது, பழி தீர்த்தவனுக்கு அவ்வூரில் இடமில்லை.

பழி தீராத இடம்

செர்ஜியோ கார்புச்சியின் 'தி கிரேட் சைலன்ஸ்' (1968) பனி மூடிய யூட்டா நிலத்தில் நிகழ்கிறது. கணவனை இழந்த பாலின், பழி தீர்க்க ஒருவனை நாடுகிறாள். அவன் இளமையிலேயே கழுத்து அறுக்கப்பெற்றுப் பேச்சிழந்தவன். பகைவன் முதலில் துப்பாக்கியை எடுக்கும்படி செய்து, பின்னரே சுடுவான். அது தற்காப்பு ஆகிவிடும். எதிரியாகிய லோக்கோவோ அவ்வலையில் விழாதவன். அரசு விலை வைத்த தலைகளையே அவன் கொய்கிறான். இருவரும் சட்டத்தையே கேடயமாகக் கொள்கின்றனர் என்பது கருதத்தக்கது. முடிவில் நாயகன் மாய்கிறான், பாலினும் மாய்கிறாள், பசியால் திருடிய ஏழைகளும் கொல்லப்படுகின்றனர். லோக்கோ பரிசுப்பணம் பெறச் செல்கிறான். இப்படத்திற்கு இன்பமான முடிவொன்றும் படமாக்கப்பட்டது. எனினும் அவல முடிவே இதன் பெருமையாய் நிலைத்தது.

முடிவுரை

இப்படங்கள் வன்முறையைக் கொண்டாடுவன என்பாரும் உளர். முடிவுகளை நோக்கின் அக்கூற்று முழுதும் பொருந்தாது எனக் கருதுகிறோம். லியோனியிடம் பழி நிறைவேறுகிறது, வாழ்வு நிறைவேறவில்லை. கார்புச்சியிடம் பழியும் நிறைவேறவில்லை. சட்டம் அறத்தைக் கைவிட்ட இடத்தில் தனியொருவனின் துப்பாக்கி நீதியை மீட்டுத் தாராது என்பதே இவை உணர்த்தும் பாடமாகும். மாணவர்கள் இவற்றைக் காணுங்கால், யார் வென்றார் என்பதோடு நில்லாது, யார் எஞ்சினார் என்றும் வினவுதல் வேண்டும்.