விளையாட்டு வீரர் மீது புகார் வந்தால்

மிச்சிகன் பல்கலைக்கழக விளையாட்டரங்கில் 1 லட்சத்து 7 ஆயிரம் பேருக்கு மேல் அமர்ந்து ஆட்டம் காணலாம். அவர்கள் காண வருவது கல்லூரி மாணவர்களின் ஆட்டத்தைத்தான். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுக்கு அத்தனை செல்வாக்கு. தொலைக்காட்சி வழியாக வரும் வருமானமும் மிகப் பெரிது. இத்தகைய அணியின் வீரன் ஒருவன் மீது, அவன் தன்னிடம் முறைகேடாக நடந்தான் என்று சக மாணவி ஒருத்தி புகார் கொடுத்தால் கல்லூரி என்ன செய்யும்?

குற்றத்திற்குத் தண்டனை அளிப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் கல்லூரிக்கும் தனிக் கடமை உண்டு. 1972-ல் இயற்றப்பட்ட 'டைட்டில் 9' என்னும் சட்டப்பிரிவின்படி, மத்திய அரசின் நிதி பெறும் கல்வி நிலையங்களில் பால் வேறுபாட்டால் எவரும் கல்வி வாய்ப்பை இழத்தலாகாது. பெண்களுக்கு விளையாட்டு மைதானத்தைத் திறந்துவிட்டதும் இதே சட்டந்தான். பாலியல் தொல்லையால் ஒரு மாணவி வகுப்புக்கு வர இயலாமற் போவதும் கல்வியை இழப்பதே என்று பிற்காலத்தில் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன.

சட்டம் இருந்தும் நடந்தது என்ன என்பதற்கு டெக்சாஸ் மாநிலத்து பெய்லர் பல்கலைக்கழகத்தைப் பார்ப்போம். 1845-ல் பாப்டிஸ்டு சபையார் நிறுவிய பழம்பெரும் நிலையம் அது. அதன் அமெரிக்கக் கால்பந்து அணி (நாம் அறிந்த கால்பந்து வேறு, இதில் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள்) நெடுங்காலம் தோற்றுக்கொண்டிருந்து, பின் திடீரென்று புகழ் பெற்றது. 2014-ல் 26 கோடி 60 லட்சம் டாலர் செலவில் ஆற்றங்கரையில் புதிய அரங்கம் எழுந்தது. 'டைட்டில் 9' புகார்களைக் கவனிக்க முழுநேர அலுவலர் ஒருவரை நியமித்ததும் அதே 2014-ல்தான், அதுவும் நவம்பரில்! சட்டம் வந்து 42 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வீரர்கள் மீது அடுத்தடுத்துப் புகார்கள் வெளிவரவே, நிர்வாகக் குழு வெளியிலிருந்து வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றை அழைத்து விசாரித்தது. 2016 மே மாதம் முடிவுகள் வெளியாயின. சில சமயங்களில் அணியின் பயிற்சியாளர்களே மாணவியையோ பெற்றோரையோ நேரில் சந்தித்துப் பேசி, புகாரை அணிக்கு வெளியே எவருக்கும் தெரிவிக்காமல் விட்டிருந்தனர். அடுத்த ஆட்டத்தில் வெல்ல வேண்டியவரே நீதிபதியாகவும் அமர்ந்தால் எப்படி? மற்றொன்றும் தெரிய வந்தது. மது அருந்தியிருந்தாயா, முன்பு எப்படி நடந்துகொண்டாய் என்ற பாணியில் கேள்விகள் எழுந்ததால், பாதிக்கப்பட்ட மாணவியர் பலர் வாய் திறக்கவே அஞ்சினர். இதுவே எனக்கு மிகவும் கொடிதாகத் தோன்றுகிறது. தலைமைப் பயிற்சியாளர் ஆர்ட் பிரைல்ஸ் நீக்கப்பட்டார். பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டாரும் பதவியிழந்தார். அதிபர் கிளிண்டனையே துருவித் துருவி விசாரித்த அதே ஸ்டார்தான்! கல்லூரி விளையாட்டுச் சங்கமோ 2021-ல், இக்குறைகள் பல்கலைக்கழகம் முழுவதும் பரவியிருந்தமையால் தன் விதிகள் மீறப்பட்டதாகக் கொள்ள முடியாது என்றது. வேறு சில தவறுகளுக்காக அது விதித்த அபராதம் 5,000 டாலர்.

இனி, அவசரத்தால் நேர்ந்த கேடு. 2006 மார்ச்சில் டியூக் பல்கலைக்கழக லக்ராஸ் அணியினரின் விருந்துக்கு நடனமாட வந்த பெண், வீரர்கள் மூவர் தன்னைப் பலாத்காரம் செய்ததாகக் கூறினாள். வீரன் ஒருவன் எழுதிய அருவருப்பான கடிதமும் அம்பலமாகவே, ஏப்ரல் 5-ல் பல்கலைக்கழகம் அவ்வாண்டின் எஞ்சிய ஆட்டங்கள் அனைத்தையும் ரத்து செய்தது, பயிற்சியாளர் விலகினார். எவர் மீதும் அப்போது வழக்குப் பதிவாகவில்லை. 2007-ல் மாநிலத் தலைமை வழக்கறிஞர் மூவரும் நிரபராதிகள் என்று அறிவித்தார். மரபணுச் சோதனையில் அவர்களுக்குச் சாதகமாக இருந்த சான்றுகளை மறைத்த அரசு வழக்கறிஞர் தொழில் உரிமையை இழந்தார். தான் சொன்னது பொய் என்று அப்பெண்ணே 2024-ல் ஒப்புக்கொண்டாள்.

2020-ல் வந்த விதிகளின்படி புகாரைத் துப்பறிபவர் தீர்ப்பளிக்கலாகாது. சான்றுகளை இரு தரப்பினருக்கும் காட்டிப் பதிலுக்கு 10 நாள் அவகாசம் தரவேண்டும். விசாரணை முடியும்வரை மாணவிக்கு விடுதி அறையையும் வகுப்பு நேரத்தையும் மாற்றித் தரலாம். இவ்விதிகளை 2024-ல் மாற்றினார்கள். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அம்மாற்றத்தைத் தள்ளவே, பழைய விதிகளே மீண்டும் வந்தன. அவற்றின்படி குறுக்கு விசாரணை உண்டு. வீரன் தானே கேள்வி கேட்க இயலாது. அவன் சார்பில் ஆலோசகர் கேட்பார். அவன் முகத்தை நேரில் பாராமல் மாணவி வேறு அறையில் அமர்ந்து திரை வழியாகப் பதில் சொல்லலாம். ஆயினும் அந்நியர் ஒருவரின் கேள்விகளுக்கு நடந்ததையெல்லாம் மீண்டும் சொல்வதற்கு எத்தனை மாணவியர் முன்வருவர் என்பதில்தான் வாதம் ஓயவில்லை.