பயிரின் பிறவிக் குணமும் உவர் நிலமும்

மெண்டல் என்னும் துறவி 1866-இல் வெளியிட்ட பட்டாணி ஆராய்ச்சியைப் பள்ளியில் பயின்றோர் பலர். நெட்டையையும் குட்டையையும் இணைத்தால் முதல் தலைமுறை முழுவதும் நெட்டை; அடுத்ததில் மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை. கணக்கு மெய்யே. ஆயினும் எல்லாக் குணங்களும் அதற்குள் அடங்குவதில்லை.

கொல்லையில் பூக்கும் அந்திமந்தாரையை நோக்குவோம். சிவப்புப் பூச்செடியையும் வெள்ளைப் பூச்செடியையும் இணைத்தால் பிறப்பது ரோஜா நிறம். அதன் விதையை ஊன்றினால் நான்கில் ஒன்று சிவப்பு, இரண்டு ரோஜா, ஒன்று வெள்ளை என்ற அளவில் பிரியும். இலையில் வெள்ளைத் திட்டுகள் படரும் வகையோ இன்னும் விந்தையானது. மகரந்தம் எச்செடியினதாயினும், சேயின் இலை நிறம் விதை தந்த தாய்க்கிளையைப் பொறுத்தே அமையும். இதனைக் காரென்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1909-இல் எடுத்துக்காட்டினார்.

பூவின் நிறத்தால் பசி தீராது. திருப்பாலைக்குடி போன்ற கடலோர ஊர்களின் உழவர் வேண்டுவது உவரைத் தாங்கும் நெல். இக்குணம் ஒரே மரபுக்கூறால் வருவதன்று; பல கூறுகள் சிறிது சிறிதாகச் சேர்ந்து தருவது. ஆகவே உவர் தாங்கும் நெல்லை மற்றொரு நெல்லோடு இணைத்தால், சேய்ப்பயிர்கள் தாங்குவன, தாங்காதன என இரண்டாகப் பிரியாமல் பல படிகளாக நிற்கும். கேரளத்துப் பொக்காளி நெல்லின் முதலாம் குரோமோசோமில் ‘சால்டால்’ என்னும் பகுதியை அறிஞர் கண்டறிந்துள்ளனர். நாற்றுப் பருவத்தில் பயிருக்குள் சோடியம் மிகாமல் காக்க அது துணை செய்கிறது. பூக்கும் பருவத்தில் தாங்குவதற்கு வேறு கூறுகளும் வேண்டும்.

இது ஏட்டோடு நிற்கும் செய்தி அன்று. ஐப்பசி மழை உப்பைக் கரைத்துக் கீழே இறக்கும். மார்கழியில் மழை ஓய்ந்தால் உப்பு மீண்டும் மேலேறும். பெரும்பாலும் கதிர் வெளிவரும் வேளையும் அதுவே. இளம்பயிரின் செழிப்பைக் கண்டு விதையை மெச்சியவர் அறுவடையில் பதரைக் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம். கதிர் முற்றிய பின்னரே விதையை மதிப்பிடுக.

வயலில் சில பயிர்கள் மட்டும் ஓங்கி நின்றால், அது பிறவிக் குணமா, அவ்விடத்தில் உப்புக் குறைவா என்பதையும் ஆராய வேண்டும். தூய்மையாக்கப்பட்ட ரகத்தில் பயிர்கள் ஏறக்குறைய ஒரே பிறப்பின. அதில் பொறுக்கி எடுப்பதால் பயன் சொற்பம். கலப்புள்ள பழைய நாட்டு நெல்லில் தேர்வு பலன் தரும். ஆனால் உப்பு மிகுந்த இடத்தில் மணி பிடித்து நின்ற கதிரையே எடுத்து, தனிப் பாத்தியில் விதைத்து, மறு ஆண்டும் சோதித்தல் அவசியம். பஞ்சாயத்து உறுப்பினர்கள் கோடையிலேயே மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பி, ஓர் உவர் வயலில் இரண்டு மூன்று ரகங்களை அருகருகே விதைக்க ஏற்பாடு செய்யலாம்.