பிரிவுக்குப் பின் பிள்ளைகள்: உடன்படிக்கையில் எழுத வேண்டியவை

 

தலாக் அல்லது குலாவின் பேச்சு முற்றி இரு வீட்டாரும் ஜமாஅத் முன் அமரும்போது மஹர், இத்தா காலச் செலவு, நகை, கட்டில், பீரோ எல்லாம் வரி வரியாக எழுதப்படுகின்றன. பிள்ளைகளைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: பிள்ளை தாயிடம் இருக்கும், தந்தை வந்து பார்த்துக்கொள்ளலாம். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, பெருநாள் யார் வீட்டில், பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது என்பதெல்லாம் விடுபட்டுப் போகும். பின்னால் வரும் சண்டைகள் இந்த விடுபட்ட இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், பாலூட்டும் காலத்தில் தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தையைப் பொறுப்பாக்குகிறது. பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாய்க்கோ தந்தைக்கோ துன்பம் தரக் கூடாது என்றும் தடுக்கிறது. பால்குடியை நிறுத்துவதைக்கூட இருவரும் கலந்து பேசி, மனமொப்பிச் செய்யச் சொல்கிறது. பால் மறக்கடிப்பதற்கே ஆலோசனை வேண்டுமென்றால், பள்ளியை மாற்றுவதற்கும் ஊரை மாற்றுவதற்கும் வேண்டாமா?

வளர்ப்புரிமையில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் ஆண்பிள்ளை 7 வயது வரையும் பெண்பிள்ளை பருவமடையும் வரையும் தாயிடம் இருப்பர். ஷாஃபி மத்ஹபில் விவரம் தெரியும் வயது வரை தாயிடம், பிறகு பிள்ளையின் விருப்பம். வழக்கென்று போனால் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றம் பிள்ளையின் நலனைப் பார்க்கும். ஆகவே மத்ஹபைக் காட்டிப் பிள்ளையைப் பள்ளி வாசலிலிருந்து தூக்கிக்கொண்டு போவது மார்க்கமும் அல்ல, சட்டமும் அல்ல.

செலவு விஷயத்தில் சந்தேகத்திற்கு இடமில்லை. நூர் சபா காத்தூன் வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: மனைவியைப் பிரிந்தாலும், வசதியுள்ள முஸ்லிம் தந்தை தம்மைத் தாமே காத்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்குச் செலவு கொடுக்க வேண்டும், மகளுக்குத் திருமணம் ஆகும்வரை இந்தப் பொறுப்பு தொடரும். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். "கொடுத்தேன்", "கொடுக்கவில்லை" என்ற பேச்சுக்கு அப்போது இடமிராது. செலவு வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்ட மறுப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகச் செலவை நிறுத்துவதும் சரியல்ல. இரண்டும் பிள்ளையின் உரிமைகள். ஒன்றைப் பிணையாக வைத்து மற்றொன்றைக் கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

சந்திப்பு நாளைக் கிழமையும் மணியும் போட்டு எழுதுங்கள். பிள்ளையை ஒப்படைக்கும் இடம் வீட்டு வாசலாக இல்லாமல் பள்ளிக்கூடமாகவோ மதரஸாவாகவோ இருந்தால் இரு வீட்டாரும் முகம் பார்த்து முறைத்துக்கொள்ளும் வேளை குறையும். பெருநாளுக்குத் தேதி எழுதிப் பயனில்லை, பிறை பார்த்தல்லவா அது வருகிறது! "பெருநாள் தொழுகை முதல் அஸர் வரை தந்தையிடம், அதன்பின் தாயிடம்; அடுத்த பெருநாளில் மாற்றி" என்று எழுதுங்கள்.

நம் ஊர்களில் தந்தை வளைகுடாவில் இருப்பது சாதாரணம். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அவர் வேலை முடிந்து இரவு எட்டுக்கு அழைத்தால் இங்கே பத்தரை, பிள்ளை தூங்கியிருக்கும். "பேச விடுவதில்லை" என்ற புகார் பல வேளை இந்தக் கணக்கில்தான் பிறக்கிறது. அங்கே வெள்ளி விடுமுறை. ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு, இரண்டரைக்கு அழைத்தால் இங்கே மாலை ஐந்து மணி. பிள்ளை பள்ளி விட்டு வந்திருக்கும்.

பிள்ளையின் பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கட்டும். காய்ச்சல் மருந்து எத்தனை வேளை கொடுத்தது, வகுப்புத் தேர்வு எப்போது, மதரஸாவில் எந்த சூரா வரை பாடம் என்று இரு வீட்டிலும் அதில் எழுதலாம். பேச்சே முறிந்துபோன தம்பதியருக்கும் இந்த நோட்டு உதவும். வாட்ஸ்அப்பில் எழுதினால் பிள்ளை சம்பந்தப்பட்டதை மட்டும், எழுத்தாக அனுப்புங்கள். கோபத்தில் பேசி அனுப்பும் குரல் பதிவு மாலைக்குள் இரு குடும்பத்திலும் சுற்றிவிடும். மாமன்மார், சாச்சாமார் உள்ள குழுவில் இந்தப் பேச்சே வேண்டாம்.

"உங்க அத்தா இன்னும் பீஸ் கட்டலயான்னு கேளு", "உங்கம்மா வீட்டுக்கு யார் யார் வர்றாங்க?" இவ்விரண்டையும் பிள்ளையிடம் சொல்லவும் கேட்கவும் கூடாது. பிள்ளை தூதனும் அல்ல, வேவுக்காரனும் அல்ல. பெற்றோர் அடக்கினாலும் பாட்டிமார் அடங்குவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிள்ளையின் காதுபட மருமகளையோ மருமகனையோ குறை பேசுவது புறம்தான்.

அடி உதையும் போதையும் உள்ள வீட்டுக்கு இவை பொருந்தா. அங்கே சமரசம் பேசிப் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண்கள் உள்ளன. சந்திப்பு, நம்பிக்கையான பெரியவர் ஒருவர் முன்னிலையில் நடக்க நீதிமன்றத்தில் கேட்கலாம்.

ஜமாஅத்தில் எழுதும் உடன்படிக்கை நீதிமன்ற உத்தரவு ஆகாது. அதையே குடும்பநல நீதிமன்றத்தில் தாக்கல் செய்து உத்தரவாகப் பெற்றுக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை ஆகியவற்றின் நகல் இருவரிடமும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பள்ளி திறக்குமுன், அமர்ந்து திருத்திக்கொள்வது என்றும் ஒரு வரி சேருங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குப் போட்ட நேரம் பத்து வயதில் பொருந்தாது.