உழவு யந்திரச் சாரதியைப் பழக்குதல்
நெல், மரக்கறிச் செய்கையாளருக்கான குறிப்புகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எருதுகள் செய்த வேலையை இன்று பெரும்பாலும் உழவு யந்திரமே செய்கின்றது. வலிகாமத்துச் செம்மண் தோட்டத்தை உழுவதும், தென்மராட்சி வயல்களில் விளைந்த நெல்லை வீடு சேர்ப்பதும், வெங்காயத்தையும் மரக்கறியையும் சுன்னாகம், மருதனார்மடம், கொடிகாமம் சந்தைகளுக்குக் கொண்டு செல்வதும் அதுவே. எருது பள்ளத்தைக் கண்டால் தானே நிற்கும். யந்திரம் அவ்வாறு நில்லாது. ஆதலால் யந்திரத்தைப் பேணும் கமக்காரர், அதனை ஓட்டுபவரையும் நன்கு பழக்குதல் அவசியமாகும்.

விபத்து நேரும் விதங்கள்

1. பின்புறமாகக் கவிழ்தல்: நாலு சில்லு யந்திரம் சேற்றிற் புதைந்திருக்கும்போது கிளச்சைத் திடீரென விட்டால், பின்சில்லுகள் சுழல இயலாமையால் முன்பாகம் மேலெழும். ஏறத்தாழ ஒரு விநாடியில் அது மீட்க முடியாத நிலையை அடைந்துவிடும். சில்லில் மரக்குற்றியைக் கட்டி ஏற முயல்வது இதனினும் அபாயமானது. மெதுவாகப் பின்னோக்கி எடுக்க. இயலாவிடின் வேறொரு யந்திரத்தால் இழுப்பிக்க. பாரத்தை எப்போதும் தாழ்ந்த இழுவைச் சட்டத்திலேயே பூட்டுக.

2. பக்கமாகக் கவிழ்தல்: வயலில் திரும்புவதற்கென இரு பிறேக் மிதிகள் தனித்தனியே உள்ளன. வீதியில் ஏறுமுன் அவ்விரண்டையும் ஒன்றாகப் பூட்டுதல் வேண்டும். பூட்டாது ஒன்றை மட்டும் மிதித்தால், யந்திரம் ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும்.

3. இரண்டு சில்லு யந்திரம்: இறக்கத்தில் பாரம் பின்னின்று தள்ளும்போது, இடக்கைப் பிடியை அழுத்தினால் யந்திரம் வலப்பக்கமாகத் திரும்பக்கூடும். ஆதலால் இறங்குமுன்னரே வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த கியரில் இட்டு, பிடிகளை அழுத்தாது கைப்பிடியைத் தள்ளியே திருப்புக.

4. வேகம்: மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் யந்திரம் விநாடிக்கு 5 மீற்றர் செல்லும். வேகம் இரு மடங்கானால், பிறேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். நெல் மூட்டை ஏற்றிய பெட்டி பின்னின்று தள்ளுமாயின் அது மேலும் நீளும்.

அறிதல் வேறு, பழகுதல் வேறு

மேற்கூறியவற்றுட் பலவற்றை அனுபவமுள்ள சாரதிகள் அறிவர். அறிந்தும் தவறுவது ஏன்? நூறு முறை தவறாகச் செய்தும் ஒன்றும் நேராதபோது, அத்தவறே வழக்கமாகிவிடுகின்றது. நூற்றோராவது முறை அது உயிரைக் கொள்கின்றது. அன்றியும், அவசரம் பல வேளைகளில் சாரதியிடமிருந்து பிறப்பதில்லை. மழைக்கு முன் உழுது முடிக்குமாறு நெருக்கும் கமக்காரரிடமிருந்தே பிறக்கின்றது. ஆகவே திருத்தமும் அவரிடமே தொடங்குதல் நன்று.

பழக்கும் முறை

அ. புதிய சாரதியை முதலில் அறுவடையான வெறுவயலிலும், பின்னர் வெறும் பெட்டியுடனும், அதன் பின் பாரத்துடனும் ஓட்டச் செய்க. சாரதி அனுமதிப்பத்திரம் பெற்ற பின்னரே வீதியில் விடுக.

ஆ. ஒரு நேரத்தில் ஒரு பழக்கத்தையே திருத்துக. பிறேக் மிதிகளைப் பூட்டுவது கைவந்த பின், பின்விளக்கைப் பார்ப்பதைத் தொடங்குக.

இ. மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சிகளைச் சாரதி கூறும்போது ஏசாது கேளுங்கள். ஏசப்பட்டவர் அடுத்த முறை மறைப்பார். மறைத்த பிழை திருந்தாது.

ஈ. மூட்டைகளின் மேலும் சில்லு மறைப்பின் மேலும் எவரையும் ஏற்றாதீர்கள். தம் பிள்ளையை அங்கே இருத்தி மகிழும் தந்தை வேலையாளுக்குக் கூறும் புத்தி பலிக்காது. களை பிடுங்க வரும் பெண்களைப் பேருந்திலோ துவிச்சக்கர வண்டியிலோ வரச் செய்க.

உ. சாரதி களைத்திருப்பின் வேலையை மறுநாளைக்கு வைத்துக்கொள்க. ஒரு நாள் தாமதத்தால் வரும் நட்டம் சிறிது.

சாரதியைக் காக்கும் இரும்புச் சட்டகத்தைப் புதிய உழவு யந்திரங்களுக்குச் சுவீடன் 1959 இல் கட்டாயமாக்கியது. அதன் பின் அங்கு யந்திரம் கவிழ்ந்து இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. நாலு சில்லு யந்திரம் வாங்குவோர் இச்சட்டகம் உள்ளதையே தெரிவு செய்து, ஆசனப்பட்டியையும் அணியச் செய்க.

காலபோகத்துக்கு விதைநெல்லை ஆயத்தஞ் செய்யும்போதே சாரதியையும் ஆயத்தஞ் செய்யுங்கள். பயிற்சி பற்றிய விபரங்களுக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள்.