அனுதின தியானம் எழுத வரும் இளையவருக்கு

தேவனுடைய குணம் இன்னதென்று தேவனே அறிவிக்கும் பகுதி யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தின் 6, 7 வசனங்கள். இரக்கம், கிருபை, நீடிய சாந்தம், தயை, சத்தியம், மன்னிப்பு என்று போகும் அந்த அறிவிப்பு, குற்றத்தைக் கேட்காமல் விடுவதில்லை என்பதில் முடிகிறது. அனுதின தியானம் எழுத வருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, இது எந்த நேரத்தில் சொல்லப்பட்டது என்பதை. மோசே மலைமேல் நாற்பது நாள் தங்கியிருந்தபோது, கீழே ஜனங்கள் பொன் காதணிகளைக் கழற்றிக் கொடுக்க, ஆரோன் கன்றுக்குட்டியை வார்த்தான். பலியும் விருந்தும் ஆட்டமும் நடந்தன. கற்பலகைகள் மலையடிவாரத்தில் உடைந்தன. ஏறக்குறைய 3,000 பேர் அன்றைக்கு மாண்டார்கள். அதன் பிறகு, புதிதாக இழைத்த இரண்டு பலகைகளோடு மோசே மறுபடி மலையேறியபோதுதான் இந்த வார்த்தைகள் வருகின்றன. கன்றுக்குட்டியை விட்டுவிட்டுக் கிருபையை மட்டும் சொல்லும் கட்டுரை, அந்தக் கிருபை எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது.

பழைய ஏற்பாடு இந்த அறிவிப்பைத் திரும்பத் திரும்ப எடுத்தாள்கிறது. வேவுகாரரின் பேச்சைக் கேட்டு ஜனங்கள் எகிப்துக்கே திரும்பிவிடப் பார்த்தபோது, எண்ணாகமம் 14இல் மோசே இதையே முன்வைத்து மன்றாடுகிறார். 86, 103, 145ஆம் சங்கீதங்களிலும் யோவேலிலும் நெகேமியாவிலும் இது வருகிறது. எழுதுகிறவருக்கு இவற்றைவிட அதிகம் கற்றுத்தருபவை யோனாவும் நாகூமும். இரண்டு புத்தகங்களும் பேசுவது ஒரே நகரத்தைப் பற்றி, அசீரியரின் நினிவே. நினிவே மனந்திரும்பித் தப்பித்ததும் யோனாவுக்குக் கோபம் வருகிறது. தேவன் இப்படி இரங்கிவிடுவார் என்று தெரிந்ததால்தான் முதலிலேயே தர்ஷீசுக்கு ஓடியதாகச் சொல்லி, மோசே கேட்ட அதே அறிவிப்பைத் தேவனிடமே குறையாகத் திருப்பிவிடுகிறார். நாகூமோ நீடிய சாந்தத்தைச் சொன்ன கையோடு, குற்றவாளி தப்புவதில்லை என்ற மறுபாதியை எடுத்து, அதே நகரத்தின் அழிவை அறிவிக்கிறார். இரண்டு தீர்க்கதரிசிகளும் கள்ளமாகப் பேசவில்லை. இருவரும் நின்றது ஒரே அறிவிப்பின்மேல்தான். யோனாவின் புத்தகம் ஒரு கேள்வியோடு நிற்கிறது. தனக்கு நிழல் தந்த ஆமணக்குச் செடிக்காகப் பரிதபிக்கிறவர், 1,20,000க்கு மேற்பட்ட மனிதரும் திரளான மிருகஜீவன்களும் உள்ள நகரத்துக்காகத் தேவன் பரிதபிக்கக் கூடாதா என்பது அந்தக் கேள்வி. யோனா என்ன பதில் சொன்னார் என்று வேதம் சொல்லவில்லை. தியானம் எழுதுகிறவரும் அந்தப் பதிலைத் தாமே எழுதிச் சேர்க்க வேண்டியதில்லை.

வசனத்தைப் பாதியாக நறுக்கும் பழக்கத்தை வளர்த்தது வாக்குத்தத்த அட்டை என்றால் சிலர் முகம் சுளிக்கலாம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஆளுக்கு ஒரு அட்டை எடுத்து, அதை ஆண்டு முழுவதும் வேதாகமத்துக்குள் வைத்திருப்பது நல்ல பழக்கந்தான். ஆனால் அட்டையில் இடம் குறைவு. அடிக்கடி அச்சாகும் எரேமியா 29:11, அதற்கு முந்தின வசனத்தோடு அச்சாவதைக் காண்பது அரிது. அந்த 10ஆம் வசனம் சொல்வது எழுபது ஆண்டு பாபிலோன் சிறையிருப்பு. சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தில் வரும் வசனங்கள் இவை. அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பப் போவதில்லை என்பதே அதன் பொருள். இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே ஆண்டுகளில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் அறிவிக்கிறான். கேட்க இனிப்பான செய்தி அவனுடையதுதான். அவன் அந்த ஆண்டே செத்துப்போனான். இன்றைக்குக் காலையில் கைப்பேசிக்கு வரும் தியானங்களில் அனனியாவின் குரல் கொஞ்சம் அதிகம். கடன் இந்த மாதமே தீரும், விசா இந்த வாரமே வரும் என்று தேவன் பெயரால் தேதி குறிப்பது தியானம் ஆகாது. விசுவாசம் என்ற பெயரில் அது அவசரத்தையே வளர்க்கிறது.

எரேமியாவின் அந்தக் கடிதம் அன்றாட விசுவாசத்துக்கு நல்ல பாடநூல். வீடு கட்டுங்கள், தோட்டம் நட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், சிறைப்பட்டிருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்பது அதன் சாரம். எழுபது ஆண்டு காத்திருப்பவர்களுக்குத் தேவன் கொடுத்த வேலை இவ்வளவுதான். தேவன் உண்மையுள்ளவர் என்ற போதனை இங்கே கத்தரிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற அளவுக்கு இறங்கி வருகிறது.

இதையே பாரிஸில் கர்மேல் சபை மடத்துச் சமையலறையில் பார்க்கலாம். சகோதரர் லாரன்ஸ் போரில் காயப்பட்ட முன்னாள் சிப்பாய். இயல்பாகவே சமையல் வேலை பிடிக்காதவர். அந்த வேலையைப் பல ஆண்டுகள் பார்த்து, பிற்காலத்தில் செருப்புத் தைக்கும் வேலைக்கு மாறினார். சட்டிபானை நடுவிலும் ஆலயத்தில் முழங்காலிடும்போதும் தேவசமுகம் ஒன்றே என்று பழகிக்கொண்டவர். 1691இல் அவர் இறந்தபின் அவருடைய கடிதங்களும் உரையாடல்களும் தொகுக்கப்பட்டுச் சிறு நூலாயின. அவர் தாமே எந்தப் புத்தகத்தையும் வெளியிடவில்லை.

தேவனைப் பற்றிச் சரியான உபதேசத்தைத் தவறான வீட்டில் சொல்லும் ஆபத்துக்கு யோபின் நண்பர்கள் சாட்சி. அவர்கள் ஏழு நாள் இரவும் பகலும் தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தவரை நல்ல நண்பர்கள்தான். பேசத் தொடங்கிய பின் எலிப்பாஸ் சொன்னவற்றில் பலவற்றை இன்றும் பிரசங்கத்தில் அப்படியே சொல்லலாம். ஆனாலும் தேவனுடைய கோபம் அவர்கள்மேல் மூண்டது. யோபு அவர்களுக்காக ஜெபிக்க வேண்டியதாயிற்று. புலம்பல் 3இலும் இதே எச்சரிக்கை உண்டு. காலைதோறும் புதிதாகிற கிருபையைப் பற்றிய அந்த வரிகள், எருசலேம் எரிந்து, குழந்தைகள் பசியால் தெருவில் மயங்கி விழுவதைப் பாடும் புத்தகத்தின் நடுவில் இருக்கின்றன. சாவு வீட்டுக்கு அந்த வரிகளைக் கொண்டுபோகிறவர், சுற்றியிருக்கும் சாம்பலையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும்.

வடிவத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹுட் என்ற ஊரில் மொராவிய விசுவாசிகள் 1731 முதல் ஆண்டுதோறும் அச்சிட்டு வரும் தினவசன நூலில் நாளொன்றுக்குச் சில வரிகளே இருக்கும். நூற்றாண்டுகளாக அது போதுமானதாக இருக்கிறது. ஆஸ்வால்ட் சேம்பர்ஸின் புகழ்பெற்ற தினத் தியான நூல் அவர் உட்கார்ந்து எழுதியதல்ல. 1917இல் எகிப்தில் போர்வீரர்கள் நடுவே ஊழியம் செய்தபோது அவர் இறந்துபோனார். வேதாகமக் கல்லூரி மாணவர்களுக்கும் அந்த வீரர்களுக்கும் அவர் பேசியதை அவருடைய மனைவி சுருக்கெழுத்தில் எடுத்து வைத்திருந்தார். அதிலிருந்து தொகுத்தது 1927இல் நூலாக வந்தது. எதிரே ஆள் இருந்து பேசிய பேச்சு என்பதால் அதில் அலங்காரம் குறைவு. உதாரணக் கதைகளைப் பொறுத்தமட்டில், பெயரும் ஊரும் இல்லாத ராஜா கதையையும் யாரும் சரிபார்க்காத நாத்திகர் கதையையும் விட்டுவிடுவது நல்லது. சத்தியத்தைப் பற்றி எழுதும் பக்கத்தில் கட்டுக்கதை உண்மைச் சம்பவமாக வேடம் போடக் கூடாது.

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையில் படுக்கையில்தான் இருந்தார். நோயாளிகளுக்கென்று அச்சாகும் ஆறுதல் துண்டுப்பிரதிகளில் பெரும்பாலானவை உடல்நலம் உள்ளவர்கள் எழுதுபவை என்பது அவருக்கு அங்கே உறைத்தது. வலியில் இருப்பவருக்கு அந்த எழுத்து எட்டுவதில்லை. நோயாளியிடமிருந்து நோயாளிகளுக்கு என்று அவர் எழுதிய கடிதங்கள் 1933இல் நூலாக வெளிவந்தன. எல்லா எழுத்தாளருக்கும் அந்தப் படுக்கை வாய்ப்பதில்லை. வாய்க்க வேண்டும் என்று ஜெபிப்பதும் சரியல்ல. ஆகவே எழுதி முடித்த தியானத்தை அச்சுக்கோ கைப்பேசிக் குழுவுக்கோ அனுப்புமுன், சபையில் நெடுநாள் படுக்கையில் இருக்கும் ஒருவரிடம் போய் உட்கார்ந்து வாசித்துக் காட்டுக. எந்த வரியில் அவர் முகம் திரும்புகிறதோ, அந்த வரியை அடித்துவிடுக.