டெமோ கிளாஸில் வேலை வாங்கித் தரும் கேரம் காய்

ஹைதராபாத்தின் கொண்டாப்பூரில் ஃபிசிக்ஸ் டீச்சர் வேலைக்கு முயல்கிறீர்களா? ஐ.டி. குடும்பங்கள் நிறைந்த ஏரியா. பெற்றோர் கேள்வி கேட்பார்கள், அதனால் பள்ளிகளும் சலித்துத்தான் ஆள் எடுக்கும். ரெஸ்யூமே உங்களை கேட் வரை கொண்டுபோகும். முடிவாவது டெமோ கிளாஸில். கூட வரும் கேண்டிடேட்டுகளும் எம்.எஸ்ஸி., பி.எட். முடித்தவர்கள்தான். 'ஒன்பதாம் வகுப்பு, நியூட்டன் விதிகள்' என்றதும் அவர்கள் பிபிடி-யைத் திறப்பார்கள். நீங்கள் பையிலிருந்து கேரம் காய்களை எடுங்கள்.

1. முதலில் ஊகம், பிறகு சோதனை. காய்களை அடுக்கி, "ஸ்ட்ரைக்கரால் அடிக்காயைச் சுண்டினால் என்ன ஆகும்? நோட்டில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். எழுதி முடித்தபின் சுண்டுங்கள். அடிக்காய் மட்டும் தெறிக்கும், மேலுள்ளவை அப்படியே கீழே இறங்கும். என்சிஇஆர்டி புத்தகத்தில் பல வருடமாக உள்ள சோதனை இது. பேனலில் இருப்பவர்களுக்கும் அத்துப்படி. அதனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். இப்போது அடிக்காயை மெதுவாகத் தள்ளுங்கள். மொத்த அடுக்கும் சேர்ந்தே நகரும். காய்களின் இனெர்ஷியா இரண்டு முறையும் ஒன்றுதானே, பிறகேன் இப்படி? வேகமாகச் சுண்டும்போது, மேற்காயை இழுக்க உராய்வுக்கு நேரமே கிடைப்பதில்லை. இந்த விளக்கத்தை மாணவர் வாயிலிருந்தே வரவழைத்தால் பாதி வேலை கையில்.

2. இரண்டாம் விதிக்கு பொம்மைக் கார். பலரும் போர்டில் ஃபார்முலாவை எழுதிவிட்டுக் கணக்குக்குத் தாவுவது இங்கேதான். நாற்காலியின் இரு கால்களுக்கு நடுவே ரப்பர் பேண்டைக் கட்டுங்கள். ஒரே அளவு இழுத்து, முதலில் வெறும் காரை விடுங்கள், அடுத்து நாணயங்களை ஒட்டிய காரை. மொபைலில் ஸ்லோ மோஷன் எடுத்து மாணவர்களையே ஒப்பிடச் சொல்லுங்கள்.

3. மூன்றாம் விதிதான் பொறி. நூலில் ஸ்ட்ராவைக் கோத்து, ஊதிய பலூனை டேப்பால் ஒட்டி விட்டால் பாய்ந்து போகும். "வெளிக்காற்றைத் தள்ளுவதால்தான் பலூன் போகிறது" என்று ஒரு மாணவர் சொல்வார். உடனே திருத்துங்கள். பலூன் தன் உள்ளிருக்கும் காற்றைப் பின்னால் தள்ளுகிறது, அந்தக் காற்று பலூனை முன்னால் தள்ளுகிறது. வெளிக்காற்றே இல்லாத விண்வெளியில் ராக்கெட் போவதும் இப்படித்தான்.

பேனல் கேட்கக்கூடிய ஒரு கேள்விக்கும் தயாராக இருங்கள்: மேசைமேல் புத்தகம், அதன் எடைக்கு எதிர்வினை எது? "மேசை மேல்நோக்கித் தள்ளும் விசை" என்றால் தவறு. அந்த இரண்டும் ஒரே புத்தகத்தின்மேல் செயல்படுகின்றன. வினையும் எதிர்வினையும் வெவ்வேறு பொருள்கள்மேல்தான் செயல்படும். பூமி புத்தகத்தை இழுப்பதற்கு எதிர்வினை, புத்தகம் பூமியை இழுப்பது. அனுபவசாலிகளே தடுமாறும் இடம். பதிலைச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

4. ரிகர்சல். டெமோவுக்கு முன்பே வகுப்பறையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பலூன் ஓடும்போது ஃபேனை நிறுத்துங்கள். ஸ்பேர் பலூன் கட்டாயம். சோதனை சொதப்பினால் மன்னிப்புக் கேட்டு நேரத்தை வீணாக்காமல், "ஏன் நடக்கவில்லை?" என்பதையே அடுத்த கேள்வியாக்குங்கள். பேனல் எடைபோடுவது உங்கள் நிதானத்தைத்தான்.

5. போர்ட்ஃபோலியோ. இதற்குக் கைகொடுப்பவர் அரவிந்த் குப்தா. 1975-இல் ஐஐடி கான்பூரில் பட்டம் பெற்றவர். டெல்கோவில் வேலை பார்த்தவர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் ட்யூபையும் வைத்து அறிவியல் பொம்மைகள் செய்து நாடறிந்தவரானார். 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய இணையதளத்தில் செய்முறைகள் இலவசம். பத்தைத் தேர்ந்தெடுத்துச் செய்து, ஒவ்வொன்றையும் சின்ன வீடியோவாக எடுத்து, லிங்க்கை ரெஸ்யூமேயின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

6. சம்பளப் பேச்சு. டெமோ நன்றாகப் போன அன்றே உங்கள் எதிர்பார்ப்பைத் தெளிவான தொகையாகச் சொல்லுங்கள். அடுத்த கேண்டிடேட் உள்ளே போனபிறகு உங்கள் பேரம் பேசும் பலம் குறைந்துவிடும்.