கம்பனி: எல்லைப்புறச் சொல் ஒன்று

கம்பெனி என்று கேட்டவுடன் தமிழ்நாட்டு மாணவர் மனத்தில் தோன்றுவது ஒரு வாணிக நிறுவனம். பெயர்ப்பலகை, முதலாளி, சம்பள நாள் எல்லாம் உடன் தோன்றும். பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களில் பிறந்து வீட்டில் தமிழ் பேசும் எங்களுக்கோ அச்சொல் முதலில் நினைவூட்டுவது ஓர் ஆளை. விடுதியில் நான், “அவன் எனக்க கம்பனியாக்கும்” என்றால், கோவைப் பக்கத்து நண்பர், “எந்தக் கம்பெனி? என்ன சம்பளம்?” என்று வினவுவார். அவர்மேல் குற்றமில்லை. களியக்காவிளையைக் கடந்தால் இச்சொல்லின் பொருள் மாறிவிடுகிறது. எவ்வாறு மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று பார்க்கலாம்.

முதலில் ஒலி. நாங்கள் ‘கம்பெனி’ என்பதில்லை. மலையாளத்தாரைப் போலக் ‘கம்பனி’ என்போம்.

இனி வழக்கு. “லே மக்கா, ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு கம்பனிக்கு வா” என்றால் துணைக்கு வா என்பது பொருள். இது சென்னைக்கும் தெரிந்ததே. காப்பி குடிக்கக் ‘கம்பெனி கொடு’ என்று அங்கும் மாணவர் அழைக்கின்றனர். “அவனுக்க கம்பனி சரியில்ல” என்றால் அவனுடைய சேர்க்கை சரியில்லை என்பதாம். இதுவும் எவர்க்கும் விளங்கும். அடுத்த படியில்தான் புதுமை. “அவன் எனக்க கம்பனி” என்னும்போது கூட்டத்தின் பெயர் ஒருவனுக்கு ஆகிவிட்டது. ஆகுபெயருக்குப் பழைய எடுத்துக்காட்டுகளையே ஆண்டுதோறும் உருப்போடும் நமக்கு, விடுதி வராந்தாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உலவிக்கொண்டிருப்பது தெரிவதில்லை! “நானும் அவனும் நல்ல கம்பனி” என்னும்போது அது கூட்டமுமன்று, ஆளுமன்று. இருவர்க்கிடையே உள்ள உறவு. மனத்தாங்கல் வந்துவிட்டால், “இப்போ அவங்க கம்பனியில்ல” என்று ஊர் சொல்லும். பழகுவதற்கு இனியவன் என்ற கருத்தில் ஆங்கிலேயரும் ஒருவனை இச்சொல்லால் பாராட்டுவதுண்டு. ஆயினும் நட்பையே இச்சொல்லால் சுட்டுவது அவர்களுக்கும் புதிதாகவே இருக்கும்.

இதனோடு சேரும் வினைகளும் கவனிக்கத் தக்கவை. கம்பனி கொடுப்போம், கம்பனி அடிப்போம், கம்பனி கூடுவோம். ‘அடித்தல்’ என்பது வலிய நட்புக் கொள்வது. ‘கூடுதல்’ சற்றுப் பொல்லாதது. மாலையில் மகன் “கம்பனி கூடப் போறேன்” என்றால் அம்மையின் முகம் மாறும். மதுவென்று எவரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதுமில்லை. இதனாலோ என்னவோ, எங்கள் ஊரில் பெண்கள் தம் தோழியைக் கம்பனி என்பது குறைவு. ‘கூட்டுகாரி’ என்பர். கல்லூரிக்கு வந்த தங்கைமார் இப்போது கம்பனி என்று சொல்லத் தொடங்கியிருக்கின்றனர்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் எங்கள் ஊர் வழக்கு அதன் மூலத்துக்கு அத்தனை தொலைவில் இல்லை. இலத்தீனில் ‘உடன்’ என்பதற்கும் ‘ரொட்டி’ என்பதற்கும் உரிய இரு சொற்களின் சேர்க்கை அது. ஒன்றாக அமர்ந்து உண்பவரே அதன் முதற்பொருள். பங்கும் இலாபமும் பின்னால் வந்தவை. தமிழர்க்கு அது அறிமுகமான முறைதான் வேறு. 1600-இல் இலண்டனில் தோன்றிய வாணிகக் குழு ‘கும்பினி’ என்ற பெயரில் வந்து, 1858 வரை நாட்டை ஆண்டது. திருவிதாங்கூர் 1795-இல் அதனோடு உடன்படிக்கை செய்துகொண்டது. நாடகக் குழுக்களும் பின்னர் இப்பெயரைச் சூடின. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர். சிறுவனாக நடித்தவர். அந்நாளில் நாடகச் சிறுவர்கள் தங்கி உண்டு பயின்ற இடத்துக்குக் ‘கம்பெனி வீடு’ என்றே பெயர். ரொட்டிக்குப் பதில் சோறு, அவ்வளவே வேறுபாடு.

எங்கள் பகுதியின் நிலையையும் இங்குச் சொல்லியாக வேண்டும். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரையும் திருவிதாங்கூர்த் தமிழரின் கோரிக்கையில் இருந்தது; ஆனால் கேரளத்திலேயே நின்றது. கோடு விழுந்த பின்னும் பெண் கொடுத்தலும் எடுத்தலும் நிற்கவில்லை, சந்தையும் நிற்கவில்லை. பாலராமபுரத்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் தறி நெய்துவரும் சாலியர் தெருக்களிலும் தமிழ் ஒலிக்கிறது. ஆனால் எங்களில் பெரும்பாலோர் பள்ளியில் பயின்றது மலையாளம்.

இதன் விளைவு, வாய் திறந்தால் அடையாளம் கேட்கப்படும் என்பது. ‘கூட்டுகாரன்’ என்றால் தமிழ்நாட்டு நண்பர், “நீ மலையாளிதானே?” என்கிறார். ‘நண்பன்’ என்றால் ஊர்க்கடையில், “பாண்டிக்காரன் வந்தான்” என்கின்றனர். ‘கம்பனி’ என்றால் எவரும் எதுவும் கேட்பதில்லை. அச்சொல் இருவர்க்கும் அயல். ஆகவே இருவர்க்கும் பொது. எங்கள் ஊரில் அது வேரூன்றியதற்கு நாகரிக மோகம் மட்டுமே காரணமாகாது, இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. ‘செட்டு’ம் ‘டீமு’ம் இன்று மாணவர் வாயில் இருக்கின்றன; ஆனால் அறுபது வயதுக் கிழவரும் தம் வெற்றிலைத் துணைவரைக் கம்பனி என்பதை நான் கேட்டிருக்கிறேன்.

தூய தமிழ் ஆர்வலர் இங்கே குறுக்கிடலாம்: நமக்குச் சொல் இல்லையா? உண்டு. சங்காத்தம் உண்டு, அதுவும் வடமொழி வழி வந்ததுதான், ஆயினும் நெடுநாளாக நம்மோடு இருப்பது. மலையாளத்தில் அது ‘சங்ஙாத்தம்’ என்று இன்றும் அன்போடு வழங்குகிறது. தமிழ்நாட்டில் அதை எப்போது கேட்கிறோம்? “உன் சங்காத்தமே வேண்டாம்” என்று சண்டையில்! நட்பைக் குறித்த சொல்லை நட்பு முறியும் வேளைக்கென்று ஒதுக்கிவிட்டோம். தோழன் ஏட்டில் இருக்கிறான். தோழர் கட்சி மேடைக்குப் போய்விட்டார். கூட்டாளி என்றால் வாணிகப் பங்காளி நினைவுக்கு வருகிறான். இடம் காலியாக இருந்தது. கம்பனி வந்து அமர்ந்தது.

தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கும் இடம் கொடுத்தார். அது வழங்கும் பன்னிரு நிலங்களை எண்ணிய பிற்காலத்தார் வேணாட்டையும் அதில் சேர்த்தனர். அந்த வேணாடே எங்கள் நாடு. எங்கள் வழக்குகளைப் பிழையென்று திருத்துமுன் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் நன்று. என் ஏட்டில் இதுவரை நாற்பது சொற்கள் சேர்ந்துள்ளன. தஞ்சை, யாழ்ப்பாணம், மலைநாட்டுத் தோட்டங்கள் எனப் பல இடங்களிலிருந்து வந்த மாணவர் நம் மன்றத்தில் உள்ளீர். உங்கள் ஊரில் உடன் வருபவனுக்கு என்ன பெயர்? அவனோடு பேச்சு நின்றுவிட்டால் அதற்கு என்ன சொல்? யாரிடம், எந்த வாக்கியத்தில் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதித் தாருங்கள்.